தன் வருமானத்தைக் கேட்காத பாடகர்

(வானொலியில் நாம் ஆற்றிய மறையுரை, பங்கு மடலுக்காக எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)



நமது பங்கின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பி, சில வாரங்களுக்கு முன் பாடல் பயிற்சி முடிந்ததும் நம்மைப் பார்க்கப் பங்கு இல்லத்துக்கு வந்தார். வெளியூர்களில் நடக்கும் ஆராதனைக் கூட்டங்களில் பாடவும் வாசிக்கவும் அவரை அழைக்கிறார்களாம். பஸ் செலவு போகக் கையில் ஒரு தொகையும் கொடுப்பார்களாம். "ஃபாதர், சாமிக்குப் பாடிட்டு அதுக்குக் காசு வாங்கினா தப்பா?" என்று கேட்டார்.

வீட்டில் தங்கை கல்லூரியில் படிக்கிறாள். அப்பாவுக்கு வேலை நிரந்தரமில்லை. இது நமக்குத் தெரியும். ஆகவே அவர் கேட்டது மறைக்கல்வி வகுப்பில் கேட்கும் கேள்வி அல்ல, அடுப்படியிலிருந்து எழுந்த கேள்வி. தப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை, தாராளமாக வாங்கிக்கொள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. "அடுத்த வாரம் பேசுவோம் தம்பி" என்று அனுப்பிவிட்டோம். அந்த ஒரு வாரத்தில் நம் நினைவுக்கு வந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். அவர் கத்தோலிக்கர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிறந்து, நாற்பத்தோராம் வயதில் சாலை விபத்தில் இறந்துபோன ஒரு பாடகர். பெயர் ரிச் மல்லின்ஸ்.

பெயரைக் கேட்டதும் பலருக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. ஆனால் ஆங்கிலத் திருப்பலிக்கோ இளையோர் முகாமுக்கோ போய்வந்த நம் பிள்ளைகளிடம் 'ஆசம் காட்' என்ற பாடலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உடனே பாடிக் காட்டுவார்கள். அதை எழுதியவர் இவர்தான். பாடலைத் தெரியும், பாடலாசிரியரைத் தெரியாது. இது ஒரு குறைபோலத் தோன்றலாம். ஆனால் அவர் வாழ்க்கையைப் படித்தால், அவருக்கு இதுதான் பிடித்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1955ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் என்ற ஊரில் ஒரு வேளாண் குடும்பத்தில் அவர் பிறந்தார். தாயார் குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்தவர். இந்தக் குழுவினரின் பழைய வழக்கம், ஆலயத்தில் கூடி அமைதியாக அமர்ந்து, ஆவியானவர் தூண்டினால் மட்டுமே எழுந்து பேசுவது. ஒலிபெருக்கி இல்லாமல் திருவிழாவே இல்லை என்று பழகிவிட்ட நமக்கு இது விளங்குவது கொஞ்சம் கடினம். அப்படிப்பட்ட மரபிலிருந்து ஒரு பாடகர் வந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவயதிலேயே பியானோ கற்றார். அந்நாளைய நிகழ்ச்சி ஒன்றை அவர் வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். ஒருநாள் ஆலயத்தில் நற்கருணைப் பகிர்வின்போது சிறுவன் பியானோ வாசித்தான். பிறகு, எப்படி வாசித்தாய், மக்கள் என்ன சொன்னார்கள் என்று அவனுடைய ஆசிரியை விசாரித்தார். எல்லாரும் நன்றாக வாசித்தாய் என்று பாராட்டினார்கள் என்று பையன் பெருமையோடு சொன்னான். அப்படியானால் நீ தவறிவிட்டாய் என்றாராம் ஆசிரியை. ஆலயத்தில் வாசிக்கும்போது மக்களின் கவனம் கடவுளிடம் போக வேண்டும், உன்னிடம் வந்துவிட்டதே என்பது அவர் வருத்தம்.

பிள்ளையிடம் இப்படியா பேசுவது என்று நமக்கும் முதலில் தோன்றியது. சிறுவனை ஊக்கப்படுத்த வேண்டாமா? ஆனால் புனித அகுஸ்தினாரும் இதே இடத்தில்தான் தடுமாறி நின்றார். பாடிச் செபிப்பது இருமடங்கு செபம் என்ற கருத்தை அவர் பெயரில் சொல்லிச் சொல்லிப் பாடகர் குழுக்களை நாம் உற்சாகப்படுத்துகிறோம். ஆனால் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியை எடுத்துப் படித்தால் வேறோர் அகுஸ்தினாரைப் பார்க்கலாம். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் உருக்கிவிடும் வேளைகளில் தாம் பாவம் செய்வதாகவே உணர்ந்தார் அவர். அப்போது பாட்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நினைப்பாராம். அதே மூச்சில், மனம் திரும்பிய புதிதில் ஆலயப் பாடல்களைக் கேட்டு அழுததையும் நினைத்துக்கொள்வார். பாட்டு வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை, பயமில்லாமல் கேட்கவும் முடியவில்லை. குருமடத்தில் இந்தப் பகுதியை முதன்முதலில் படித்தபோது, இவ்வளவு பெரிய புனிதர் இதற்குப் போய் இவ்வளவு குழம்புகிறாரே என்று நாம் சிரித்துக்கொண்டோம். பங்குத்தந்தை ஆனபின் சிரிப்பு வரவில்லை.

மல்லின்ஸ் 1974 முதல் 1978 வரை சின்சினாட்டி விவிலியக் கல்லூரியில் படித்தார். நண்பர்களோடு சேர்ந்து ஓர் இசைக்குழுவில் பாடினார். அவர் எழுதிய ஒரு புகழ்ச்சிப் பாடலை 1982இல் எமி கிராண்ட் என்ற இளம் பாடகி தம் இசைத்தட்டில் பாடினார். அந்தப் பாடலின் தொடக்கத்தில் யோகான் செபஸ்தியான் பாக் இயற்றிய இசைத் துண்டு ஒன்று வருகிறது. அந்தப் பாக், தம் இசை ஏடுகளின் முடிவில் 'கடவுளுக்கே மகிமை' என்ற பொருள்படும் மூன்று இலத்தீன் எழுத்துகளைப் போட்டு வைத்தவர். எமி கிராண்டின் தட்டு பெரும் அளவில் விற்றது. பாடல் எழுதியவருக்கும் வாசல் திறந்தது. டெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குப் போனார். 1986இல் அவருடைய முதல் தனித் தட்டு வந்தது. 'ஆசம் காட்' 1988இல் வந்தது.

இங்கே சற்று நின்று, அந்த நாட்டில் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். நமக்குப் பக்திப் பாடல் என்றால் கெபித் திருவிழா, தவக்காலம், கேசட் கடை. அங்கே தற்காலக் கிறிஸ்தவ இசை ஒரு முழுச் சந்தை. அதற்கென்று நிறுவனங்கள், வானொலி நிலையங்கள், விருதுகள், கட்டணம் வாங்கும் மேடைக் கச்சேரிகள் உண்டு. ஒரு தட்டு விற்றால் பாடகருக்குப் பங்கு, எழுதியவருக்குத் தனிப் பங்கு. வானொலியில் ஒலித்தால் அதற்கும் பணம். 1980களின் இறுதியில் இன்னொன்றும் வந்தது. ஆலயங்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்தும். எந்தப் பாடல்கள் எவ்வளவு பாடப்படுகின்றன என்ற கணக்கின்படி அந்தப் பணம் பாடலாசிரியர்களுக்குப் பிரித்துத் தரப்படும். இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. உழைப்பவருக்கு நீதி செய்கிற ஏற்பாடுதான். ஆனால் விளைவை நினைத்துப் பாருங்கள். ஞாயிறுதோறும் மக்கள் கைகளை உயர்த்திப் பாடும்போதெல்லாம் எங்கோ ஒருவரின் கணக்கில் தொகை ஏறுகிறது. தம் பாடலை மக்கள் உருகிப் பாடுவதைப் பார்க்கும் மனிதருக்கு, உருக்கம் ஒருபுறமும் தொகை மறுபுறமும் மனத்தில் ஓடாமல் இருக்குமா?

மல்லின்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். தட்டுகளிலிருந்தும் கச்சேரிகளிலிருந்தும் வரும் வருமானம் முழுவதையும் தம் திருச்சபையின் மூப்பர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அமெரிக்காவில் சராசரித் தொழிலாளி ஒருவர் அந்த ஆண்டில் என்ன சம்பளம் வாங்குகிறாரோ அதை அவருக்குத் தருவார்கள். மீதி அறப்பணிகளுக்குப் போகும். மொத்தம் எவ்வளவு வந்தது என்று தமக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். தெரிந்துவிட்டால் விட்டுக்கொடுப்பது கடினமாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

அன்பானவர்களே, இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நாம் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தோம். 'எனக்குப் பண ஆசை இல்லை' என்று அவர் சொல்லவில்லை. ஆசை உண்டு என்று தெரிந்ததால்தான் கண்ணைக் கட்டிக்கொண்டார். இனிப்பைக் கண்டால் கை நீளும் என்று தெரிந்த சர்க்கரை நோயாளி, டப்பாவை மகளிடம் கொடுத்து எங்கே வைக்கிறாய் என்று எனக்குச் சொல்லாதே என்பதுபோல. துறவு என்றதும் நாம் பெரிய மன வலிமையை எண்ணிக்கொள்கிறோம். இங்கே பலவீனத்தை ஒப்புக்கொண்டதிலிருந்து ஓர் ஏற்பாடு பிறந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் இலவசமாகப் பாடவில்லை. சம்பளம் வாங்கினார். வேலையாள் தன் கூலிக்கு உரிமை உடையவர் என்ற ஆண்டவரின் போதனை லூக்கா நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுலடியார், நற்செய்தி அறிவிப்போர் அதனாலேயே வாழ உரிமை உண்டு என்று அழுத்தமாக வாதாடுகிறார். வாதாடி முடித்துவிட்டு, அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை என்கிறார். கூடாரத் தொழில் செய்து சாப்பிட்டார். ஆக, விவிலியத்தில் இரண்டு வழியும் உண்டு. கூலி வாங்குவது பாவமல்ல. வாங்காமல் இருப்பதும் எல்லாருக்கும் விதிக்கப்பட்ட சட்டமல்ல. மல்லின்ஸ் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தார். வாழத் தேவையான கூலி என்னுடையது, அதற்கு மேல் வருவது என்னுடையதல்ல. அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதைத் தாமே தீர்மானிக்காமல் வேறு ஆட்களிடமும் ஓர் ஊதியக் கணக்கிடமும் விட்டுவிட்டார். நம் குருக்கள் உட்படப் பலருக்கும் இந்த இடம் உறுத்தும். உறுத்தட்டும்.

இப்படி ஒரு மனிதரா என்று அவரைப் பலிபீடத்தில் ஏற்றிவிட வேண்டாம். அவருக்கே அது பிடிக்காது. கோபக்காரர். தம் பலவீனங்களைப் பற்றி மேடையிலேயே வெளிப்படையாகப் பேசிக் கேட்பவர்களைச் சங்கடப்படுத்தியவர். கச்சேரிக்குப் பழைய ஜீன்ஸோடு, சில நேரம் காலணி இல்லாமல் வந்து நின்றவர். திருமணம் பேசி முறிந்தபின் தனித்தே வாழ்ந்தார். 'ஆசம் காட்' பற்றி அவரே, தாம் எழுதியவற்றில் மிக மோசமாகக் கட்டப்பட்ட பாடல்களில் அது ஒன்று என்று சொல்லியிருக்கிறார். அதன் சரணங்களில் ஏதேன் தோட்டமும் சோதோம் நகரும் வருகின்றன. கடவுளின் தீர்ப்பும் இரக்கமும் சேர்ந்தே பேசப்படுகின்றன. மக்கள் அவற்றை விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எளிதில் மனப்பாடம் ஆகிறது, கைதட்ட வசதியாக இருக்கிறது. இது நம் ஆலயங்களிலும் நடப்பதுதான். கடவுள் பெரியவர் என்று நாற்பது முறை பாடுவோம். அந்தப் பெரியவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று வரும் சரணத்துக்கு நேரமில்லை.

இறையியல் படித்த நமக்கு அவருடைய தட்டுகளில் மிகவும் முக்கியமாகப் படுவது 1993இல் வெளியான ஒன்று. அதன் முதற்பாதியைத் திருவழிபாட்டின் ஒழுங்கில் அமைத்தார். இறைவாக்கினர் எசாயா ஐம்பத்திரண்டாம் அதிகாரத்திலிருந்து ஒரு வாசகம். படைப்பைக் கண்டு ஒரு புகழ்ச்சி. சோதனையில் தள்ளாடும் மனிதன், தன்னைப் பிடித்துக்கொள்ளுமாறு இயேசுவிடம் கேட்கும் ஒரு மன்றாட்டு. அதன்பின் நம்பிக்கை அறிக்கை. அதன்பின் நற்கருணைப் பந்தியைப் பற்றிய ஒரு பாடல். கைதட்டலுக்குப் பாடும் சந்தையில் நின்றுகொண்டு, திருப்பலியின் எலும்புக்கூட்டைப் போல ஓர் அமைப்பை அவர் எடுத்துவைத்தது வியப்பான செயல்.

அந்த நம்பிக்கை அறிக்கை வேறொன்றுமல்ல. நாம் செபமாலையின் தொடக்கத்தில் சொல்லும் திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையேதான். கம்பிகளைச் சிறு குச்சிகளால் தட்டி வாசிக்கும் டல்சிமர் என்ற கருவியை அதற்கு முன்னணி வாத்தியமாக்கினார். நம் நாட்டுச் சந்தூருக்கு அது தூரத்து உறவு. பல்லவியாக அவர் சேர்த்த கருத்து, செஸ்டர்ட்டன் என்ற ஆங்கிலக் கத்தோலிக்க எழுத்தாளரிடமிருந்து வந்தது. இந்த நம்பிக்கையை நாம் உருவாக்கவில்லை, அதுதான் நம்மை உருவாக்கிக்கொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். பாடலாசிரியர் ஒருவர் இப்படிச் சொல்வது எளிதல்ல. புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதுதானே எழுதுபவரின் பெருமை. இவரோ நூற்றாண்டுகளுக்கு முன் திருச்சபை சொல்லிவைத்ததை எடுத்து, எனக்குச் சொந்தமாகச் சொல்ல இதைவிட மேலாக ஒன்றுமில்லை என்று பாடினார்.

பாடகர் குழுவினர் உடனே ஆசைப்பட்டுவிட வேண்டாம். இந்தப் பாடலைத் திருப்பலியில் நம்பிக்கை அறிக்கைக்குப் பதிலாகப் பாடக்கூடாது. திருவழிபாட்டு வாசகத்தோடு நம் கருத்தைச் சேர்த்துப் பாட நமக்கு அனுமதி இல்லை. செபக்கூட்டத்திலோ, இளையோர் ஒன்றுகூடலிலோ பாடலாம். பிற சபையினர் எழுதிய பாடல்களை நாம் பாடலாமா என்றும் பலர் கேட்கிறீர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 121ஆம் எண்ணைப் பாருங்கள். பாடல் வரிகள் கத்தோலிக்கக் கோட்பாட்டுக்கு இசைந்திருக்க வேண்டும், சிறப்பாகத் திருவிவிலியத்திலிருந்தும் திருவழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. வரிகளைப் படித்துப் பாருங்கள். ராகம் பிடித்திருக்கிறது என்பது மட்டும் போதாது. சந்தேகம் வந்தால் பயிற்சிக்கு முன்பே நம்மிடம் கொண்டுவாருங்கள். திருப்பலி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வேண்டாம்.

அந்தத் தட்டில் அவரோடு வாசித்த குழுவுக்குக் 'கந்தல் பையன்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார். பிரென்னன் மானிங் என்பவர் எழுதிய ஒரு நூலிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார். மானிங் முன்பு பிரான்சிஸ்கன் குருவாக இருந்து, பிறகு விலகித் திருமணம் செய்தவர். குடிப்பழக்கத்தோடு போராடியவர். அவருடைய முடிவுகளை நாம் ஆதரித்துப் பேசவில்லை. ஆனால் கடவுளின் இரக்கம் நல்லவர்களுக்கான பரிசு அல்ல, கந்தலாய் நிற்பவருக்கான தயவு என்ற ஒன்றை, விழுந்து எழுந்த ஒரு மனிதரிடமிருந்து மல்லின்ஸ் கற்றுக்கொண்டார்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசும் அவரை விடவில்லை. அப்புனிதரைப் பற்றிய ஒரு திரைப்படத்தைப் பார்த்ததிலிருந்து தொடங்கிய ஈர்ப்பு அது. நண்பர்களோடு சேர்ந்து, பிரான்சிசின் தம்பிகள் என்ற பொருளில் ஒரு சிறு குழுவாகத் தங்களை அழைத்துக்கொண்டார்கள். பிரான்சிசின் கதையை அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்திய மேற்குச் சமவெளிகளில் நடப்பதாக மாற்றி, ஓர் இசை நாடகமும் எழுதினார்கள். அது 1997இல் வந்தது.

புகழின் உச்சியில் இருந்தபோதுதான் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகருக்குக் குடிபோனார். அங்கே குவேக்கர்கள் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தம்மைவிட மிக இளைய பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, இசை ஆசிரியருக்கான பட்டப்படிப்பை 1995இல் முடித்தார். அப்போது வயது முப்பத்தொன்பது. நாடெங்கும் வானொலியில் பாட்டு ஒலிக்கும் ஒருவருக்கு இசை ஆசிரியர் சான்றிதழ் எதற்கு? நவஹோ என்ற பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுக்க. படிப்பு முடிந்ததும் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அம்மக்களின் நிலப்பகுதிக்குப் போய், எளிய வீட்டில் தங்கி, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். அவர்களை மனம் திருப்பப் போகிறீர்களா என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த பதில் வேறுவிதமாக இருந்தது. வசதியான நடுத்தர வர்க்கத்தாரின் கண்ணால் கடவுளைப் பார்த்துச் சலித்துவிட்டது, அந்த மக்களிடையே கிறிஸ்துவைத் தேடிப் பார்க்கிறேன் என்ற பொருளில் பேசினார். மறைபரப்பு பற்றிய திருச்சபையின் போதனை இதைவிட விரிவானது. ஆயினும் போகிற இடத்தில் கிறிஸ்து நமக்கு முன்பே போய் நிற்கிறார் என்பதைச் சங்கமும் நமக்கு நினைவூட்டியிருக்கிறது.

அங்கே இருந்த காலத்தில் திருப்பலிக்குப் போய்வந்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் இணைய விரும்பும் பெரியவர்களுக்கான மறைக்கல்வியிலும் கலந்துகொண்டார். ஆனால் இணைவதற்கு முன்பே இறந்துவிட்டார். இதைக் காட்டி அவரை நம்மவர் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சிலருக்கு ஆசை. பிற சபையினரில் சிலருக்கு அதை மறைத்துவிட ஆசை. இரண்டும் வேண்டாம். அவர் வாசல்படியில் நின்றார். மீதி, வாசலைத் திறப்பவருக்குத் தெரியும்.

1997ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நம் மூத்தோருக்கு நினைவிருக்கும். 5ஆம் நாள் அன்னை தெரசா இறந்தார். 13ஆம் நாள் கொல்கத்தாவில் அடக்கச் சடங்கு. நாம் அப்போது குருமட மாணவர்கள். எல்லாரும் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி முன் கூடியிருந்தோம். அந்த நாள்களில் அமெரிக்காவில் இந்தப் பாடகர், முழுவதும் இயேசுவைப் பற்றியே ஒரு தட்டு தயாரிக்க முயன்றுகொண்டிருந்தார். புதுப் பாடல்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டுப் பார்ப்பதற்காக, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய ஆலயத்தில் உட்கார்ந்து, சாதாரணக் கேசட் ரெக்கார்டரில் தனியாகப் பாடிப் பதிவு செய்தார். ஒலிக்கூடம் இல்லை. கேட்பவர் இல்லை.

அதன்பின் ஒன்பதாம் நாள், செப்டம்பர் 19 இரவு, இல்லினாய் மாநிலத்து நெடுஞ்சாலையில் அவரும் மிட்ச் மெக்விக்கர் என்ற இளம் இசைக்கலைஞரும் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். விச்சிட்டாவில் நிதி திரட்டும் கச்சேரி ஒன்று காத்திருந்தது. வண்டி கவிழ்ந்தது. இருவரும் இருக்கைப் பட்டை அணிந்திருக்கவில்லை. வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். கவிழ்ந்து கிடந்த ஜீப்பின் மேல் மோதாமல் இருக்க விலகிய ஒரு லாரி, சாலையில் கிடந்த மல்லின்ஸ் மேல் ஏறிவிட்டது. மெக்விக்கர் கடும் காயங்களோடு பிழைத்தார். நம் இளைஞர்களே, தலைக்கவசத்தைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள் என்று ஒவ்வொரு அடக்கத் திருப்பலியிலும் சொல்லிச் சொல்லி நமக்கு அலுத்துவிட்டது.

அந்தக் கேசட் தப்பியது. நண்பர்கள் அந்தப் பாடல்களை முறையாக இசையமைத்துப் பதிவு செய்து, 1998இல் இரண்டு தட்டுகளாக வெளியிட்டார்கள். ஒன்றில் தேர்ந்த பாடகர்கள் அவற்றைப் பாடுகிறார்கள். மற்றொன்றில் அந்தப் பழைய ஆலயத்துக் கேசட்டை அப்படியே போட்டிருக்கிறார்கள். இரைச்சல் இருக்கிறது. குரல் சில இடங்களில் கரகரக்கிறது. நமக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. பாட்டுக்கும் கடவுளுக்கும் நடுவில் நாம் இல்லாதபோது ஒரு மனிதர் எப்படிப் பாடினார் என்பதை அதில் கேட்க முடிகிறது.

கீபோர்டு தம்பி மறுவாரம் வந்தார். இந்தக் கதையை ஏறக்குறைய இப்படியே அவருக்குச் சொன்னோம். அந்தக் கேசட்டுப் பாடல் ஒன்றை அவருடைய கைப்பேசியிலேயே தேடி இருவரும் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவருக்கு மூப்பர்கள் இருந்தாங்க ஃபாதர். எனக்கு யார் கணக்குப் பாக்குறது?" என்றார். நல்ல கேள்வி. பங்குப் பேரவையிடம் விடலாமா என்று யோசித்தோம். பேரவைக்கு இருக்கிற கணக்கே தீரவில்லை.

கடைசியில் அவரே சொன்னார். கூட்டத்துக்குப் போகிற அன்று கடை வேலைக்குப் போக முடியாது. அந்த ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும் மட்டும் வாங்கிக்கொள்கிறேன். அதற்கு மேல் கொடுத்தால் உறையைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், தங்கை படிப்புக்கா, ஆலயத்துக்கா, வேறு யாருக்காவதா என்று அம்மா முடிவு செய்யட்டும். "அம்மா எனக்கு எவ்வளவுன்னு சொல்லக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு மட்டும் எங்கும் போகக்கூடாது, நமக்கு வேறு ஆள் இல்லை என்று நாம் கேட்டுக்கொண்டோம். சரி என்று சொல்லிவிட்டு, கீபோர்டின் மேல் உறையைப் போட்டு மூடிவிட்டுப் போனார்.